நான்கு படி ஏறிய பிரபு: வில்லிங்டனும் சென்னை மாகாணமும்



கோடம்பாக்கம் மேம்பாலத்தை விட்டு இறங்கி, வடக்கு உஸ்மான் சாலையில் தெற்கு நோக்கி நடந்தால் நீதிக்கட்சியின் பெயர்ப் பட்டியலையே படித்துவிடலாம். சாலைக்குப் பெயர் தந்த முகமது உஸ்மான் அந்தக் கட்சிக்காரர். எதிர்ப்படும் பூங்கா பனகல் அரசருடையது. பாண்டி பஜாரின் முழுப்பெயரில் இருப்பவர் சௌந்தரபாண்டியனார். பக்கத்துத் தெருக்களில் தணிகாசலமும் டாக்டர் நாயரும் இருக்கிறார்கள். இன்னொரு பூங்காவில் நடேசனார் இருக்கிறார். நகரத்தின் பெயரே சர் பிட்டி தியாகராயருடையது. 1923-25 ஆண்டுகளில் மாம்பலத்து நீள் ஏரியைத் தூர்த்து இந்தத் தியாகராய நகரை எழுப்பத் தொடங்கியபோது, கோடம்பாக்கம் பட்டணத்துக்கு வெளியே தோப்பும் வயலுமாகக் கிடந்த கிராமம்.

வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்களும் இங்கே உண்டு. பர்கிட் சாலை இன்றும் இருக்கிறது. தெற்கு போக் சாலைதான் செவாலியே சிவாஜி கணேசன் சாலையாகியிருக்கிறது. ஆனால் இந்தக் கட்சியைக் கோட்டையில் பதவியில் அமர்த்திய ஆளுநரின் பெயரை இங்குள்ள பெரிய சாலைகள் எதிலும் காண முடியாது. 1919 ஏப்ரல் முதல் 1924 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தை ஆண்ட அவர், பிறகு கனடாவின் கவர்னர் ஜெனரலாகவும் இந்தியாவின் வைசிராயாகவும் இருந்தார். அவர்தான் வில்லிங்டன் பிரபு. அவருடைய அரசியல் வாழ்க்கையே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

வில்லிங்டனைப் பற்றி இரண்டு சித்திரங்கள் உலவுகின்றன. காந்தியைச் சந்திக்க மறுத்துக் காங்கிரஸைத் தடைசெய்த கடுமையான வைசிராய் என்பது தேசிய இயக்க வரலாறு தரும் சித்திரம். மந்திரிகளை மதித்து நடத்திய நல்ல ஆளுநர் என்பது நீதிக்கட்சி வரலாறு தருவது. இரண்டும் ஒரே மனிதரையே குறிக்கின்றன. அவர் நடுவில் மனம் மாறியதாகவும் தெரியவில்லை. தன் அரசியல் விதிகளுக்கு உட்பட்டு வருபவர் யாராக இருந்தாலும், அவர் இந்தியராக இருந்தாலும் சரி, கைகுலுக்கி உட்காரவைப்பார். அந்த விதிகளையே ஏற்காதவரிடம் பேச்சுக்கே இடம் கொடுக்கமாட்டார். அவருடைய ஐம்பது வயதுக்குப் பிந்தைய வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு குணத்தைக் கொண்டு விளக்கலாம்.

மட்டைபிடித்த கனவான்

வில்லிங்டன் பிறக்கும்போதே பிரபு அல்லர். ஃப்ரீமன் தாமஸ் என்ற பெயரோடு 1866 செப்டம்பர் 12 அன்று சசெக்ஸில் ஒரு நிலச்சுவான்தார் வீட்டில் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. தாயின் தந்தை ஹென்றி பிராண்ட் பிரிட்டிஷ் மக்களவையின் சபாநாயகராக இருந்தவர். ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி என்று அந்த வர்க்கத்துப் பிள்ளைகள் போகும் வழியிலேயே போனார். படிப்பைவிடக் கிரிக்கெட்டில் பெயர் வாங்கினார். 1889-இல் கேம்பிரிட்ஜ் அணிக்குத் தலைவர், சசெக்ஸ் கவுண்டி அணிக்கும் ஆடியவர்.

1892-இல் அவர் மணந்த மேரி அடிலெய்ட், பிராஸி பிரபுவின் மகள். உலகெங்கும் ரயில் பாதை போட்டுச் சம்பாதித்த ஒப்பந்தக்காரர் தாமஸ் பிராஸியின் பேத்தி. மாமனார் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்துக்கு ஆளுநராகப் போனபோது, மருமகன் உடன் போய் மெய்க்காவல் அதிகாரியாக வேலை பார்த்தார். ஆளுநர் மாளிகை என்பது எப்படி நடக்கும், விருந்தில் யாரை எங்கே உட்காரவைப்பது, உள்ளூர் அரசியல்வாதியிடம் எவ்வளவு நெருங்குவது என்பதையெல்லாம் அவர் கற்ற இடம் அதுதான்.

1900-இல் ஹேஸ்டிங்ஸ் தொகுதியிலிருந்து லிபரல் கட்சி உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார். 1906 பொதுத்தேர்தலில் நாடெங்கும் லிபரல் அலை அடித்தபோது இவர் ஹேஸ்டிங்ஸில் தோற்றார். சில மாதங்களில் பாட்மின் தொகுதி இடைத்தேர்தலில் வென்று மறுபடி உள்ளே வந்தார். பாராளுமன்றத்தில் பெரிய பேச்சாளர் என்ற பெயரெல்லாம் இல்லை. ஆனால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு டென்னிஸ் தோழர். அரண்மனையில் செல்வாக்கு உண்டு.

இங்கிலாந்தின் பிரபுப் பட்டங்களுக்கு ஐந்து படி. கீழிருந்து எண்ணினால் பாரன், வைகவுண்ட், ஏர்ல், மார்க்வெஸ், ட்யூக். ஃப்ரீமன் தாமஸ் 1910-இல் முதல் படியில் கால் வைத்து வில்லிங்டன் பாரன் ஆனார். சென்னையை முடித்ததும் 1924-இல் வைகவுண்ட். கனடாவை முடித்ததும் 1931-இல் ஏர்ல். வைசிராய் பதவி முடிந்ததும் 1936-இல் மார்க்வெஸ். நான்கு படிகளில் மூன்று கடல்கடந்த உத்தியோகத்துக்குக் கிடைத்த கூலி. அவருக்குப் பிறகு பிரிட்டனில் இன்றுவரை புதிதாக யாரும் மார்க்வெஸ் ஆக்கப்படவில்லை.

பம்பாயில் போட்ட முடிச்சு

1913-இல் பம்பாய் ஆளுநராக வந்தார். ஐரோப்பியர் கிளப்புகளின் வாசலில் இந்தியர் தடுக்கப்பட்ட காலம் அது. இவர் அழைத்துச் சென்ற இந்திய விருந்தாளிகளையே ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை என்றும், அந்தக் கோபத்தில்தான் இரு இனத்தாரும் சேர்ந்து ஆடக்கூடிய வில்லிங்டன் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கினார் என்றும் பம்பாயில் இன்றும் சொல்லப்படுகிறது. கிளப் இன்னும் இருக்கிறது.

1915 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து காந்தி வந்து இறங்கினார். கோகலே மூலம் சொல்லியனுப்பி வில்லிங்டன் அவரைச் சந்தித்தார். அரசாங்கம் சம்பந்தப்பட்ட எந்த நடவடிக்கை எடுப்பதானாலும் முன்னதாகத் தன்னை வந்து பார்க்க வேண்டும் என்பதே ஆளுநர் கேட்டுக்கொண்டது. எதிராளியின் கருத்தை முதலில் அறிந்துகொள்வது சத்தியாக்கிரகியின் வழக்கம்தான் என்று காந்தி உடனே ஒப்புக்கொண்டார். காந்தியே தம் சுயசரிதையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பதினேழு ஆண்டுகள் கழித்து இந்த வாக்கு திரும்பி வரப்போகிறது.

அந்த இணக்கம் போர்க்காலத்தில் தேய்ந்தது. மூத்த மகன் ஜெரார்ட் 1914 செப்டம்பரிலேயே போர்முனையில் இறந்திருந்தான். 1918 ஜூனில் பம்பாயில் நடந்த போர் மாநாட்டில், சுயாட்சிக் கோரிக்கையையும் சேர்த்துப் பேசத் தொடங்கிய திலகரை வில்லிங்டன் இடைமறித்து நிறுத்தினார். திலகர் வெளியேறினார், அவருடைய தோழர் கேல்கரும் வெளியேறினார்.

அதே ஆண்டு டிசம்பரில் ஆளுநருக்குப் பிரிவுபசாரம் செய்து, பொதுமக்கள் சார்பில் நினைவுச்சின்னம் வைக்கச் சிலர் முனைந்தார்கள். பொதுமக்கள் பெயரில் அதைச் செய்யக்கூடாது என்று டவுன் ஹாலுக்குள் ஆட்களோடு போய் உட்கார்ந்த வழக்கறிஞரின் பெயர் முகமது அலி ஜின்னா. கூச்சல், தள்ளுமுள்ளு, போலீஸ். கூட்டம் கலைந்தது. மக்கள் ஒரு ரூபாய் வீதம் நன்கொடை போட்டு, ஜின்னாவின் பெயரில் ஒரு மண்டபம் கட்டினார்கள். பம்பாய்க் காங்கிரஸ் மாளிகையின் வளாகத்தில் அது இருக்கிறது. வில்லிங்டனை எதிர்த்த கலகம் ஜின்னாவுக்கு நினைவுமண்டபம் வாங்கித் தந்தது.

கோட்டையில் ஒரு பரிசோதனை

1919 ஏப்ரல் 10 அன்று சென்னையில் பொறுப்பேற்றார். மூன்று நாள் கழித்து அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை. அவருக்கு முன் இருந்த பென்ட்லண்ட் பிரபு, ஹோம்ரூல் இயக்கம் நடத்திய அன்னி பெசன்டை 1917-இல் உதகமண்டலத்தில் காவலில் வைத்து நாடு முழுக்க எதிர்ப்பைச் சம்பாதித்துவிட்டுப் போயிருந்தார். மாகாணத்தின் தகராறு அத்தோடு முடியவில்லை. பிராமணர் அல்லாதார் இயக்கம் 1916-இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கமாகி, ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகையின் பெயரால் நீதிக்கட்சி என்று அறியப்பட்டுவிட்டது. வரப்போகும் சீர்திருத்தத்தில் சட்டசபையில் தங்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று கட்சி கேட்டது. எத்தனை இடம் என்பதில் பிராமணர் தரப்பும் பிராமணர் அல்லாதார் தரப்பும் ஒத்துவரவில்லை. கடைசியில் மெஸ்டன் பிரபு மத்தியஸ்தம் செய்து 28 இடங்கள் என்று தீர்த்தார்.

1919 சட்டம் கொண்டுவந்த ஏற்பாட்டுக்கு இரட்டையாட்சி என்று பெயர். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, விவசாயம் போன்ற துறைகள் சட்டசபைக்குப் பதில் சொல்லும் இந்திய மந்திரிகளிடம். நிதி, போலீஸ், நிலவரி, பாசனம் ஆகியவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம். பள்ளிக்கூடம் கட்ட வேண்டியவர் ஒருவர். பணப்பெட்டிச் சாவி இன்னொருவரிடம். எட்டு மாகாணங்களில் இதை நடத்திப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் முட்டிக்கொண்டு நின்றது.

சென்னையில் ஓரளவு ஓடியதற்கு இரண்டு காரணம். முதலாவது தேர்தல். 1920 நவம்பரில் நடந்த தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. சொத்துள்ளவருக்கே வாக்கு என்பதால் மாகாணம் முழுவதிலும் வாக்காளர் சுமார் 12.5 லட்சம்தான், அவர்களிலும் நால்வரில் ஒருவரே வாக்களித்தார். தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் 63 நீதிக்கட்சிக்கு வந்தது. ஆக, பெரும்பான்மையோடு ஒரு கட்சி இருந்தது.

இரண்டாவது காரணம் வில்லிங்டன். மற்ற மாகாணங்களில் ஆளுநர்கள் ஆளுக்கொரு பக்கமிருந்து தனித்தனியாக மந்திரிகளைப் பொறுக்கியெடுத்தார்கள். இவர் கட்சித் தலைவரை அழைத்து மந்திரிசபை அமைக்கச் சொன்னார். தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவர் பதவியில் இருந்தார். தமக்கு வேண்டாம் என்று மறுத்து, கடலூர் சுப்பராயலு ரெட்டியாரைக் கைகாட்டினார். 1920 டிசம்பர் 17 அன்று ரெட்டியார் முதல் மந்திரியானார். உடல்நலம் குன்றி 1921 ஜூலையில் அவர் விலக, பனகல் அரசர் ராமராய நிங்கார் அந்த இடத்துக்கு வந்தார். மந்திரிகளையும் நிர்வாகக் குழுவினரையும் தனித்தனி அறையில் வைக்காமல் ஒன்றாக உட்காரவைத்து ஆலோசிப்பது வில்லிங்டனின் வழக்கம். சட்டத்தில் இல்லாத முதல் மந்திரி என்ற நிலை நடைமுறையில் உருவானது இப்படித்தான். வெஸ்ட்மின்ஸ்டரில் பத்தாண்டு கட்சி அரசியலைப் பார்த்துப் பழகியவருக்கு, பெரும்பான்மையுள்ள கட்சியும் அதற்கொரு தலைவரும் இருப்பதுதான் இயல்பாகத் தெரிந்தது.

1921 ஜனவரி 12 அன்று கன்னாட் கோமகன் வந்து புதிய சட்டசபையைத் திறந்து வைத்தார். அடுத்த மூன்றாண்டுகளில் அங்கே நடந்தவை இன்றும் தமிழகத்தில் பேசப்படுகின்றன. 1921 ஏப்ரல் 1 அன்று பெண்களுக்கு வாக்குரிமை தரும் தீர்மானம் நிறைவேறியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் சென்னையே முதல். 1922 மார்ச்சில், ஒடுக்கப்பட்டோர் தலைவரான எம்.சி. ராஜாவின் முயற்சியால், அரசுப் பதிவேடுகளில் பஞ்சமர் என்ற பெயர் போய் ஆதிதிராவிடர் என்ற பெயர் வந்தது. 1922-இல் பனகல் அரசர் கொண்டுவந்த இந்து அறநிலைய மசோதா நெடிய இழுபறிக்குப் பிறகு 1925-இன் முதல் சட்டமாயிற்று.

இவற்றுள் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டியது 1921 செப்டம்பர் 16 தேதியிட்ட 613-ஆம் எண் அரசாணை. முதல் வகுப்புவாரி ஆணை என்று அறியப்படுவது. புரட்சிகரமான வாசகம் எதுவும் அதில் இல்லை. அலுவலகக் காகிதம் போலவே இருக்கும். எல்லா வகுப்பாருக்கும் உத்தியோகத்தைப் பங்கிட்டுத் தர வேண்டும் என்ற பழைய வருவாய் வாரிய நிலையாணை ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதை எல்லாத் துறைக்கும் நீட்டித்து, ஒரு கணக்கையும் கேட்டது இந்த ஆணை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு துறைத் தலைவரும் புதிதாகச் சேர்த்தவர்களின் பட்டியலை அனுப்ப வேண்டும்: பிராமணர், பிராமணர் அல்லாத இந்துக்கள், இந்தியக் கிறிஸ்தவர், முஸ்லிம்கள், ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும், மற்றவர். ஆணையைக் கண்டு பயப்படாத அதிகாரியும், கட்டம் போட்ட படிவத்தை நிரப்பியாக வேண்டும் என்றவுடன் பதில் சொல்லத் தொடங்கினார். மறு ஆண்டு பதவி உயர்வுக்கும் இது நீட்டிக்கப்பட்டது. முழுமையாகச் செயலுக்கு வந்தது 1927-க்குப் பின், மந்திரி எஸ். முத்தையா முதலியார் காலத்தில்.

இதெல்லாம் வில்லிங்டனின் கொள்கையா? இல்லை. மந்திரிகள் கொண்டுவந்தார்கள், அவர் குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நிற்க ஆளுநருக்கு அதிகாரம் நிறையவே இருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

லேடி வில்லிங்டன் தனியொரு சக்தி. ஊதா நிறத்தின்மேல் அவருக்கிருந்த மோகம் அந்தக் கால ஆங்கிலேய நாட்குறிப்புகளில் கேலிக்குரிய விஷயம். ஆனால் அவர் பெயரில் 1922-இல் சென்னையில் தொடங்கிய ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி கேலிக்குரியதல்ல. பாலவிதவைகளைப் படிக்கவைத்த சகோதரி சுப்புலட்சுமியின் தலைமையில் அது வளர்ந்தது. கடற்கரைச் சாலையில் அந்த நிறுவனம் இன்றும் ஆசிரியர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது.

புளியந்தோப்பும் போத்தனூரும்

கோட்டைக்குள் சுமுகமாக இருந்த அதே ஆண்டில் வெளியே நிலைமை வேறு. 1921-இல் சென்னையின் பி அண்ட் சி நெசவாலையில் பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, மற்றவர் வெளியே நிற்க, புளியந்தோப்பில் சாதிக் கலவரம் மூண்டு குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடும் நடந்தது. தொழிற்சங்கத் தலைவராக இருந்த திரு.வி.க.வை ஆளுநர் அழைத்து எச்சரித்தார், நாடுகடத்தவும் யோசித்தார். அதைத் தடுத்தது, அரசியலில் திரு.வி.க.வின் எதிரணியிலிருந்த தியாகராயர். மந்திரிகளோடு ஒத்துப்போவது என்று தான் வைத்துக்கொண்ட வழக்கமே அங்கே வில்லிங்டனின் கையைக் கட்டியது. கலவரம் பற்றிய தகராறில் நீதிக்கட்சிக்கும் எம்.சி. ராஜாவுக்கும் இடையே விழுந்த பிளவு பின்னர் ஆறவில்லை.

1921 ஆகஸ்டில் மலபாரில் மாப்பிள்ளைக் கிளர்ச்சி. மலபார் அப்போது சென்னை மாகாணத்து ஜில்லா. ராணுவச் சட்டம் வந்தது. நவம்பர் 19 இரவு, திரூரிலிருந்து பெல்லாரிச் சிறைக்கு அனுப்ப சுமார் 100 கைதிகளைக் காற்றுப் புகாத ஒரு சரக்கு வண்டியில் அடைத்தார்கள். கோயம்புத்தூர் பக்கத்தில் போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள். மொத்தம் 70 பேர் இறந்தார்கள். போலீஸும் சிறையும் மந்திரிகளிடம் இல்லை. ஆளுநரின் ஒதுக்கப்பட்ட துறைகளில் இருந்தன. ஒரு மாதம் கழித்து ராஜாஜி வேலூர்ச் சிறைக்குள் போனார். 1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னை வந்தபோது கடையடைப்பும் கலகமும்.

அதே ஆட்சி, அதே ஆண்டுகள். உள்ளே வந்த கட்சிக்குப் பெண் வாக்குரிமைத் தீர்மானம். வெளியே நின்றவர்களுக்கு ராணுவச் சட்டம்.

1923 இறுதியில் இரண்டாவது தேர்தல். நீதிக்கட்சியின் பலம் குறைந்தது. ஆனாலும் பனகல் அரசரையே மறுபடி அழைத்தார் வில்லிங்டன். உடனே எதிரணியிலிருந்த சி.ஆர். ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 44, எதிர்ப்பு 65, மந்திரிசபை தப்பியது. இந்தியச் சட்டமன்ற வரலாற்றில் இது முன்னோடியான நிகழ்ச்சி. சபையில் வாக்கெடுத்து மந்திரிசபையைக் கவிழ்க்கப் பார்ப்பது என்ற வெஸ்ட்மின்ஸ்டர் பழக்கம் சென்னை வெயிலுக்குப் பழகத் தொடங்கியது அப்போதுதான்.

கொச்சித் துறைமுகத்துக்கு ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரை அனுப்பிவைத்ததும் இந்த ஆளுநர்தான். காயலைத் தூர்வாரிய மண்ணில் எழுந்த தீவு அவர் பெயரில் வில்லிங்டன் தீவு ஆயிற்று. திட்டக்குடி பக்கம் 1923-இல் கட்டி முடித்த பெரிய ஏரிக்கும் அவர் பெயரே. ஊர்க்காரர்கள் வாயில் அது வெலிங்டன் ஏரி.

ஒட்டாவாவில் ஐந்தாண்டு

1926-இல் அவர் கனடாவின் கவர்னர் ஜெனரலானபோது, அந்தப் பதவியே அடையாளம் மாறிக்கொண்டிருந்தது. முந்தையவரான பிங் பிரபு, பிரதமர் மெக்கன்சி கிங்கின் ஆலோசனையை மறுத்து, பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது என்று சொன்னார். தேர்தலில் கிங் அதையே பிரச்சினையாக்கி வென்று திரும்பினார். அந்த ஆண்டு நடந்த ஏகாதிபத்திய மாநாடு, கவர்னர் ஜெனரல் மன்னரின் பிரதிநிதி மட்டுமே, லண்டன் அரசாங்கத்தின் ஏஜென்ட் அல்ல என்று முடிவு கட்டியது. வில்லிங்டன் அதற்கு ஏற்ப நடந்துகொண்டார். கையெழுத்துப் போட்டார், ஊர் சுற்றினார், கலைப்போட்டிகளுக்குப் பரிசு வைத்தார். கனடாக்காரருக்கு அவரிடம் புகார் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரிசபையின் சொல்லுக்குக் கட்டுப்பட அவரால் முடியும் என்பதற்குக் கனடாவே சாட்சி.

வாக்கு திரும்பி வந்தது

1931 ஏப்ரல் 18 அன்று வைசிராயாகப் பொறுப்பேற்றார். ஆறு வாரம் முன்புதான் முந்தைய வைசிராய் இர்வின் பிரபு காந்தியோடு ஒப்பந்தம் செய்திருந்தார். அரசாங்கத்துக்குச் சமமான ஒரு தரப்பாகக் காங்கிரஸை நடத்தியது புதிய வைசிராய்க்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சிம்லாவில் பேசி, காந்தி இரண்டாவது வட்டமேஜை மாநாட்டுக்குப் போனார்.

டிசம்பர் 28 அன்று காந்தி பம்பாயில் வெறுங்கையோடு இறங்கினார். அதற்குள் வங்காளத்திலும் ஐக்கிய மாகாணத்திலும் எல்லைப்புறத்திலும் அவசரச் சட்டங்கள்; நேரு கைது; கான் அப்துல் கஃபார் கான் கைது. மறுநாளே காந்தி வைசிராய்க்குத் தந்தி கொடுத்தார். சந்திக்கலாம், ஆனால் இந்த நடவடிக்கைகளைப் பற்றிப் பேசக்கூடாது என்று பதில் வந்தது. மறுதந்தி போயிற்று. சட்டமறுப்பு மிரட்டலின் கீழ் சந்திப்பே இல்லை என்று இறுதிப் பதில் வந்தது. 1932 ஜனவரி 4 அதிகாலை காந்தி கைதானார். காங்கிரஸ் அமைப்புகள் தடைசெய்யப்பட்டன. நடவடிக்கைக்கு முன் என்னை வந்து பாருங்கள் என்று 1915-இல் கேட்டவர், வந்து பார்க்கிறேன் என்றவரைத் திருப்பி அனுப்பினார். முதல் நான்கு மாதத்தில் மட்டும் சிறை போனவர் 80,000 பேருக்கு மேல்.

தமிழ்நாட்டில் இதன் விலை உடனே தெரிந்தது. ஜனவரி 10 அன்று திருப்பூரில் தடையை மீறி ஊர்வலம் போனவர்கள்மேல் தடியடி. தலையில் அடிபட்டும் கொடியை விடாத குமரன் மறுநாள் இறந்தார். சென்னிமலைக்காரர், 1904-இல் பிறந்த நெசவாளர். ஜனவரி 26 விடியலில் ஆர்யா என்ற பாஷ்யம், ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தில் ஏறி மூவர்ணக் கொடியைக் கட்டினார். வில்லிங்டன் மந்திரிகளோடு உட்கார்ந்து பேசிய அதே கோட்டை.

கோடம்பாக்கம் பிற்காலத்தில் எதற்குப் பெயர் பெற்றதோ, அந்தத் தொழிலும் அவர் கையெழுத்தின் கீழ்தான் வளர்ந்தது. சென்னையில் திரைப்படத் தணிக்கை வாரியம் அமைந்தது 1920-இல், அவர் ஆளுநராக இருந்தபோது. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது, அவர் வைசிராயாக இருந்தபோது. புராணக் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காந்தியின் ராட்டினத்தைப் பற்றி ஒரு பாட்டு அதில் இருந்தது. கூட்டம் போடத் தடை இருந்த நாட்களில் கொட்டகைக்குள் அந்தப் பாட்டுக்குக் கைதட்டல் கிடைத்தது.

சென்னை நண்பர்களை அவர் மறக்கவில்லை. 1934-இல் வில்லிங்டன் விடுப்பில் போக, சென்னை ஆளுநர் தற்காலிக வைசிராயானபோது, மூன்று மாதம் தற்காலிக ஆளுநராக இருந்தவர் முகமது உஸ்மான். சென்னை மாகாணத்தில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர். அவர் பழைய விதிகளுக்குள் நின்று மேலே வந்தவர்.

அதே 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் முதல் ரஞ்சி ஆட்டம். சென்னையும் மைசூரும் மோதின, ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுக்க ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. இந்தக் கோப்பையைக்கூட வில்லிங்டன் கோப்பை என்று அழைக்க ஒரு முயற்சி நடந்தது. விஜயநகரம் இளவரசர் அதற்காக ஒரு கோப்பையே கொண்டுவந்தார். பாட்டியாலா மகாராஜாவின் ரஞ்சிக் கோப்பைதான் நிலைத்தது. டெல்லியிலும் அவர் பெயர்கள் நிலைக்கவில்லை. வில்லிங்டன் விமானத்தளம் சஃப்தர்ஜங் ஆனது; வில்லிங்டன் மருத்துவமனை ராம் மனோகர் லோகியா பெயருக்கு மாறியது; லேடி வில்லிங்டன் பூங்காவில் இன்று நடைபயில்பவர்கள் அதை லோதி தோட்டம் என்கிறார்கள்.

அவர் விட்டுச்சென்ற சட்டம்

வில்லிங்டன் காலத்தின் பெரிய அரசியல் ஆவணம் 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம். இரட்டையாட்சியை மாகாணங்களில் ஒழித்து, எல்லாத் துறையையும் மந்திரிகளிடம் தந்தது. சென்னையில் நடத்திப் பார்த்த முதல் மந்திரி முறை, இப்போது சட்டப்படியே ஏற்பட்டது. காங்கிரஸ் இதை ஏற்காது, ஏற்றாலும் பழைய மிதவாதக் கட்சிகள் தாக்குப்பிடிக்கும் என்ற கணக்கு அரசாங்கத்தில் பலருக்கு இருந்தது.

1936 ஏப்ரலில் வில்லிங்டன் விடைபெற்றார். 1937 தொடக்கத்தில் தேர்தல். வாக்குரிமை விரிந்திருந்தது, இம்முறை காங்கிரஸ் புறக்கணிக்கவில்லை. சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159 காங்கிரஸுக்கு. நீதிக்கட்சி 20 இடத்தைக்கூட எட்டவில்லை. முதல் மந்திரியாக இருந்த பொப்பிலி அரசர் தம் சொந்த ஊரிலேயே வி.வி. கிரியிடம் தோற்றார். சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி ஆளுநர் தலையிடமாட்டார் என்ற உறுதி கிடைக்கும்வரை பதவியேற்க மாட்டோம் என்று காங்கிரஸ் சில மாதம் பேரம் பேசியது. வில்லிங்டனின் பழைய மந்திரி கே.வி. ரெட்டி நாயுடு அந்த இடைவெளியில் இடைக்கால முதல் மந்திரியாக இருந்தார். ஜூலை 14 அன்று ராஜாஜி பதவியேற்றார். வில்லிங்டன் ஆளுநராக இருந்தபோது வேலூரிலும், வைசிராயாக இருந்தபோது மறுபடியும் சிறையிருந்தவர், அந்த ஆட்சி எழுதிய சட்டத்தின்படியே கோட்டைக்குள் போய் உட்கார்ந்தார்.

வில்லிங்டன் 1941 ஆகஸ்ட் 12 அன்று லண்டனில் இறந்தார். நான்கு படி ஏறி வாங்கிய பட்டம், இளைய மகன் இனிகோ 1979-இல் வாரிசின்றி இறந்தபோது முடிந்தது. 613-ஆம் எண் ஆணை தொடங்கிவைத்த கணக்கெடுப்பு மட்டும் முடியவில்லை. 1950-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் செண்பகம் துரைராஜன் வழக்காக வந்து, மறு ஆண்டு இந்திய அரசமைப்பின் முதல் திருத்தத்துக்கு வழிசெய்து, இட ஒதுக்கீட்டு விகிதங்களாக இன்றும் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பேசப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதைத் தொடங்கியவர்கள் பனகல் அரசரும் அவருடைய கட்சியும். அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, தடுக்க அதிகாரமிருந்தும் தடுக்காமல் விட்டது வில்லிங்டனின் பங்கு.